முறை

பத்து மணிக்கு நேர்முகம்.
வீட்டில் அக்காவின் சின்னவனுக்குக் காய்ச்சல், ஓயாத அழுகை.
டச் பே கரையில் வாகை நிழலுக்கு ஓட்டோவை விட்டு
பின்சீற்றில் ஏறி உட்கார்ந்தேன்,
ஹயருக்கு வந்தவன் போல.

மேலே அயன் பிடித்த சேர்ட், கீழே சாரம்.
பின்கண்ணாடியில் முருகனும் லீசிங் கம்பனி ஸ்டிக்கரும்.
துவாயை விரித்து மறைத்தேன்,
முருகனை மட்டும் கொஞ்சம் விட்டு.

கொழும்பிலிருந்து இரண்டு பேர்.
ஒருவர் ஹிரண்ய. மற்றவர் கமரா போடவில்லை;
கறுப்புக் கட்டத்தில் ஓர் எழுத்து.

ஹிரண்ய ஆங்கிலத்தில் கேட்டார்:
"ஒரு நகரம். ஆயிரம் வாகனம், ஆயிரம் பயணி.
யாரை யாரிடம் அனுப்புவீர்கள்?
ஒரு முறை அமைத்துச் சொல்லுங்கள்."

சிரிப்பை அடக்க வெளியே பார்த்தேன்.
புள்ளிமான் ஒன்று லஞ்ச் ஷீற்றை மென்றுகொண்டு நின்றது.

விடை தெரியும். மூன்று இரவு யூடியூபில் பார்த்தது.
நகரைக் கட்டங்களாக வெட்டு,
கிட்ட நிற்பவனைக் கூப்பிடு,
பத்து செக்கனில் எடுக்காவிட்டால் அடுத்தவன்.
தடக்காமல் சொன்னேன்.
கறுப்புக் கட்டத்துக்குள் யாரோ தட்டச்சு செய்யும் சத்தம்.

அதோடு நிறுத்தியிருக்கலாம்.

"எங்கள் பார்க்கில் வேறு மாதிரி" என்றது வாய்.

பஸ் நிலையத்துக்கு எதிரே, பன்னிரண்டு ஓட்டோ, ஒரு கொப்பி.
கொப்பி சில்வெஸ்டரிடம். பேனை நூலில் கட்டியிருக்கும்,
நஸ்ருல்லா இரண்டு தரம் கொண்டுபோனதால்.
இரவு ரயில் வந்து சேர முன்னம் பேர் எழுதவேண்டும்.
கிட்ட, தூர என்று ஒன்றும் இல்லை,
யாருடைய முறையோ அவன் போவான்.
ஆஸ்பத்திரி ஹயர் கணக்கில் சேராது;
போய் வந்தவனுக்கு அவன் இடம் அப்படியே இருக்கும்.

நியாயம் என்று சொல்ல வரவில்லை.
கொப்பியில் ஏற எனக்கு நாற்பதாயிரம் கேட்டார்கள்.
உப்புவெளிக்கு ஆளைப் பார்த்து விலை சொல்வார்கள்.
நானூறு என்று போன் காட்டும்போது
எண்ணூறு ஏன் கொடுக்கவேண்டும் ஒரு மனுசி?

இதையெல்லாம் சொன்னேன். சொல்லாதது ஒன்று:
பார்க்குக்கு இருபது மீற்றர் தள்ளி
நான் அப்பில் ஒரு ஹயர் எடுத்த பின்னேரம்
சில்வெஸ்டர் என் பேரை வெட்டினான்.
ஒற்றைக் கோடு.
இன்னும் வாசிக்கலாம்.

"லட்சம் பேர் வந்தால் கொப்பி தாங்குமா?"
"தாங்காது."
"பிறகு ஏன்?"

அந்த நேரம் பார்த்துத்தான் போன் கத்தியது.
அப்பை அணைக்க மறந்திருந்தேன்.
பத்மலோஜினி, ஆஸ்பத்திரி வாசல், நானூறு மீற்றர்.
பத்து. ஒன்பது.
இந்த போனிலிருந்துதான் லப்டொப்புக்கு டேட்டா;
அணைத்தால் ஹிரண்யவும் போய்விடுவார்.
எட்டு. ஏழு.
அவர் என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தார்,
நான் அந்தப் பெண்ணின் பேரை.

ஒன்று.
போன் அடங்கியது.

ஒரு நிமிசம் போயிருக்காது,
கடற்கரை ரோட்டில் பச்சை ஓட்டோ ஒன்று விறுக்கென்று திரும்பியது.
நஸ்ருல்லா.
தொடைக்கடியில் செருகிய போன் நீலமாய் மினுங்க,
ஆஸ்பத்திரிப் பக்கம்.
என்னைக் கண்டான். சேர்ட்டையும் கண்டான்.
இரண்டு பேரும்
ஒரே நேரத்தில் கடலைப் பார்த்தோம்.

"எங்களிடம் ஏதும் கேட்க இருக்கிறதா?" என்றார் ஹிரண்ய.
சம்பளம் கேட்கக்கூடாது என்று யூடியூப் சொல்லியிருந்தது.
"இந்த வேலைக்கு எத்தனை பேர்? நான் எத்தனையாவது?"

ஹிரண்ய தொண்டையைச் செருமினார்.
கறுப்புக் கட்டம் முதல்தரம் வாய் திறந்தது,
மூதூர்ப் பக்கத் தமிழில், ஒரு பெண்:
"அறுபத்து மூன்று பேர். இதில வரிசை இல்லை, தம்பி."

மெயில் வரும் என்றார்கள்.

துவாயை எடுத்து முகம் துடைத்தேன்.
முன்சீற் கொதித்தது.