பதினான்காம் பாத்தி

மருத்துவர் மாத்திரைச் சீட்டின் பின்பக்கம்
எழுதித் தந்தது இவ்வளவுதான்:
பாத்தி எண் 14. செவ்வாயும் வெள்ளியும்.
மழை பெய்தாலும்.

துஸ்லா நகரத்தின் ஓரம்.
உப்பை எடுத்து எடுத்து
உள்வாங்கிப்போன தெருக்களைத் தாண்டி
இருபது பாத்திகள், ஒரு தண்ணீர்க் குழாய்,
காப்பி காய்ச்ச ஒரு தகரக் கொட்டகை.

பத்தொன்பது வருடம் நானும்
மண்ணில் கிடந்தவன்தான்.
குப்புறப் படுத்து,
முகக்கவசத்துக்குள் என் மூச்சையே நான் முகர்ந்து,
கம்பியை முப்பது பாகை சாய்த்து,
இரண்டு விரற்கடைக்கு ஒரு குத்து.
இடித்தால் நிறுத்து.
இடிக்காவிட்டால் அடுத்த இரண்டு விரற்கடை.
நாள் முழுக்க வேலை செய்தால்
ஒரு சமையலறை அளவு நிலம்.
உன்னிடம் எதுவும் இல்லை என்று சொல்,
மண்ணிடம் நான் கேட்டது
எப்போதும் அது ஒன்றைத்தான்.

இப்போது கையில்
முளைவிட்ட உருளைத் துண்டு.
மண்டியிட்டேன்.
கரண்டி தானாகச் சாய்ந்தது, முப்பது பாகை.
காலை முழுக்க ஒரு வரிசை.
கொட்டகையிலிருந்து செனாதா கத்தினாள்:
"உருளைக்கிழங்கு வெடிக்காது, நெஜாத்!
புதைத்துவிட்டு எழுந்து வா,
காப்பி ஆறுகிறது."
சிரித்தார்கள். நானும், சற்றுத் தாமதமாக.

பக்கத்துப் பாத்தி ஓஸ்தோயாவுடையது.
முழங்காலில் உலோகம், இரத்தத்தில் சர்க்கரை,
மனைவி மகனோடு கிராஸ் நகரத்தில்.
அவனையும் யாரோ ஒரு மருத்துவர்தான்
அனுப்பியிருந்தார்.
ஒரு மாதம் நாங்கள் பேசியதெல்லாம்
நத்தைகளைப் பற்றி.

மே மாதம் அவன் முட்டைக்கோஸ் நாற்று நட்டான்.
ஒரு வரிசை.
அடுத்தது ஒரு சாண் தள்ளி.
மூன்றாவது, முதலாவதைப் போல.
கோஸுக்கு அதுதான் சரி,
எந்தத் தோட்டக்காரனும் அப்படித்தான் நடுவான்.
ஆனால் அந்தக் கையை எனக்குத் தெரியும்.
ஓஸ்ரென் மலைச்சரிவில்
அந்த ஒரு சாணை அளந்து அளந்துதான்
இரண்டு கோடையைக் கழித்தேன்.

"எங்கே கற்றாய்?"
அவன் நிமிரவில்லை.
"உனக்குத் தெரியும்."
குழாய் சொட்டிக்கொண்டிருந்தது.
"வரைபடம் இருந்தது," என்றான். "மழையில் போயிற்று."
பிறகு, நாற்றின் கழுத்தை மண்ணால் மூடியபடி:
"எத்தனை எடுத்தீர்கள்?"
"நாற்பத்தொன்று."
மண் ஒட்டிய விரல்களை மடக்கி மடக்கி எண்ணினான்.
"நாற்பத்து மூன்று வைத்தோம்."

ஒன்று ஃபிக்ரெத்துக்குப் போனது.
நிலம் சுத்தம் என்று
நான் கையெழுத்துப் போட்டு,
சிவப்புப் பலகைகளைக் கழற்றிய
ஒன்பதாம் நாள்.
அது அவனுக்கு எப்படித் தெரியும்.
நான் சொல்லவும் இல்லை.
கொட்டகையில் காப்பிக்கு
இரண்டு கட்டி சர்க்கரை போட்டுக்கொண்டான்.
வழக்கமாகப் பிடுங்கி வைக்கும் செனாதா
அன்று பேசாமல் இருந்தாள்.

திங்கட்கிழமை இருவரும் அலுவலகம் போனோம்.
அவன் வெகுநேரம் படத்தைத் திருப்பித் திருப்பிப் பார்த்து
நகக்கண்ணில் தோட்டத்து மண்ணோடு
ஓரிடத்தில் விரல் வைத்தான்.
ஜூலையில் அது கிடைத்தது,
காட்டு ரோஜாப் புதரின் வேருக்கடியில்.
எடுத்தவர்கள் யாரோ புதுப் பையன்கள்.
போன் வந்தபோது
பீன்ஸுக்குக் கொம்பு நட்டுக்கொண்டிருந்தேன்.
நட்டு முடித்தேன்.

"தூக்கம்?" என்கிறார் மருத்துவர்.
நாலரை மணி நேரம்.
"கை நடுக்கம்?"
களை பறிக்கும்போது இல்லை.
அவர் எழுதிக்கொள்கிறார்.
மாத்திரை ஒன்று குறைகிறது, மற்றது அப்படியே.

செப்டம்பர். உருளைத் தழை வாடிவிட்டது.
மண்வெட்டி இருக்கிறது.
நான் கம்பியைத்தான் எடுத்தேன்,
சாய்த்துக் குத்தினேன்.
இடித்தது.
நிறுத்தினேன். பழக்கம்.
மூச்சு இரண்டு எண்ணி
வெறுங்கையை உள்ளே விட்டேன்.
ஈரம், ஒரு புழு,
பிறகு என் உள்ளங்கை அளவுக்கு ஒன்று,
தோலில் கம்பி கீறிய வடுவோடு.
அதன் பக்கத்தில் இன்னொன்று.
அதன் கீழே.

வேலிக்கு அந்தப்பக்கமிருந்து ஓஸ்தோயா:
"எத்தனை?"

இரு,
இன்னும் எண்ணவில்லை.