கடைசிப் பன்னிரண்டு

இடம் தொண்ணூற்றேழு சதவீதம் நிரம்பிவிட்டதென்று
மதியத்திலிருந்து மஞ்சள் விளக்கு.
புன்த்தா அரேனாஸில் காற்றும் இன்று அப்படித்தான்.
தெருமுனைகளில் கயிறு கட்டிவிட்டார்கள்,
பிடித்துக்கொண்டு நடப்பதற்கு.
நான் நடக்கவில்லை.
படகுக் கம்பெனியின் சர்வர் அறையில் உட்கார்ந்து
யாருக்கும் வேண்டாத கோப்பு ஒன்றைத் தேடுகிறேன்.

பதிவேட்டின்படி மூன்று சர்வர்கள், ஒரே களஞ்சியம்.
மூன்று குடித்தனத்துக்கு ஒரே அலமாரி;
எந்தத் தட்டு யாருடையதென்று அலமாரிக்குத் தெரியாது.
பட்டியலில் இருபத்திரண்டு இயந்திரங்கள்,
எல்லாம் மெய்நிகர், ஒன்றையும் தொட முடியாது.
களஞ்சியத்தில் இருபத்து மூன்று கோப்புறைகள்.

பெயரை வைத்துத் தேடலாம் என்பது பகல்நேரத்து நம்பிக்கை.
இயந்திரத்துக்குப் பெயர் மாற்றினால்
வாசல் பலகை மட்டுமே மாறுகிறது.
உள்ளே கோப்புறை
ஞானஸ்நானப் பெயரோடே கிடக்கிறது.
எனக்கு முன்னால் இங்கிருந்த த்ராகோ
எல்லாவற்றுக்கும் செடிப் பெயர் வைத்தான்.
லெங்கா என்றால் சம்பளம். கொய்ரோன், பயணச்சீட்டு.
நோத்ரோதான் மின்னஞ்சல் என்று கண்டுபிடிக்க
எனக்கு ஒரு குளிர்காலம் ஆயிற்று.
மிஞ்சியது கலாஃபாத்தே.
அந்தப் பழத்தைத் தின்றவர் இந்த ஊருக்குத் திரும்புவார் என்பார்கள்.
கிலோக்கணக்கில் தின்ற த்ராகோ
நீரிணைக்கு அந்தப் பக்கம் நண்டு பிடிக்கிறான்.
செய்தி அனுப்பினால்
நண்டின் படம் வருகிறது.

கலாஃபாத்தேவுக்குள் இரண்டு கோப்புகள்.
ஒன்று அரைப்பக்கம், மனிதர் படிக்கக்கூடியது:
டிஸ்க் நான் அல்ல, அதோ, என்று அடுத்ததைக் காட்டும்.
அடுத்தது
எண்ணூறு கிகாபைட் என்று சொல்லிக்கொள்கிறது.
தட்டிப் பார்த்தால் அறுபத்தொன்று.
மீதி, எழுதப்போகிறேன் என்று சொல்லி வாங்கிய இடம்.
வீட்டுக் கடன் படிவத்தை நானும் இப்படித்தான் நிரப்பினேன்.

தேதி: இரண்டு வருடம் முன்னால், ஒரு ஏப்ரல்.
அனாதை என்று முடிவு செய்தேன்.
அழி.

முடியாது என்றது. யாரோ வைத்திருக்கிறார்கள்.

பூட்டைப் புரட்டினால் நீண்ட எண்வரிசை.
அதில் கடைசிப் பன்னிரண்டு எழுத்துகள்
வைத்திருப்பவரின் வலையட்டை முகவரி.
காகிதத்தில் குறித்துக்கொண்டு
சர்வர் சர்வராகக் குனிந்தேன்.
முதலாவது இல்லை. இரண்டாவது இல்லை.
மூன்றாவதும் இல்லை.

துடைப்ப வாளிக்குப் பின்னால் நான்காவது இருந்தது.
அணைக்கப்பட்டது என்று அதற்கெதிரே
கையெழுத்துப் போட்டவள் யெர்கா மிமிட்சா,
அதாவது நான்.
பச்சை விளக்கு. தூசிக்குள் கதகதப்பு.

திரையை மாட்டினேன்.
துறை முனையில் யாரோ கழற்ற மறந்த காற்றுமானியை
நிமிடத்துக்கொரு முறை விசாரித்து
எழுதிக்கொண்டிருந்தது கலாஃபாத்தே.
தினம் காலை நாங்கள்
விமான நிலையத்தைத் தொலைபேசியில் கூப்பிட்டு
காற்று எவ்வளவு என்று கெஞ்சுகிறோம்.
இது இங்கேயே, ஒரு நிமிடம் விடாமல்.
நான் பார்த்த தேதி கதவு திறந்த நாள்;
உள்ளே எழுதிய நாள் அல்ல.

23.41, மேற்கு, நூற்றுப் பதினெட்டு.
பார்த்துக்கொண்டிருக்கும்போதே இன்னொரு வரி:
23.42, மேற்கு, நூற்று இருபத்தொன்று.
ஜன்னலில்லாத அந்த அறையில்
அப்போதுதான் எனக்குக் காற்று கேட்டது.

இயக்குநர் மகளின் திருமண வீடியோ
நான்கு பிரதிகள் இருந்தன. மூன்றை அழித்தேன்.
விளக்கு மஞ்சளாகவே நின்றது.
காகிதத்தில் பன்னிரண்டு எழுத்துக்கும் கீழே
கலாஃபாத்தே என்று எழுதி
நான்காவதன் நெற்றியில் ஒட்டினேன்.
வாளியை நகர்த்தி வைத்தேன்.
திங்கட்கிழமை என்ன சொல்வதென்று யோசிக்கவில்லை.

த்ராகோவுக்கு அந்த இரண்டு வரிகளை மட்டும் அனுப்பிவிட்டு
வெளியே வந்து கயிற்றைப் பிடித்தேன்.
பாதித் தெருவில் சட்டைப்பை அதிர்ந்தது.
ஒரு கையால் எடுத்துப் பார்த்தேன்,
நண்டு இல்லை:

எட்டைக் கழித்துக்கொள்.
அந்த மானி எப்போதும் கூடத்தான் சொல்லும்.