மெதுவாக விழும் கறுப்பு

அமகாசாகியில் ஆலைப்புகை இறங்கும் தெரு.
கப்பலுக்கும் கொதிகலனுக்கும் பெயிண்ட் விற்பவன் நான்.
வருகிறவர்கள் நிறம் கேட்பார்கள், விலை கேட்பார்கள்.
தொமொனாகா ஹிஸாயோ கேட்டாள்:
"இதில் எது மெதுவாக விழும்?"

தெரியவில்லை.
முப்பது வருஷ வியாபாரத்தில்
பெயிண்டை நான் விழவிட்டதே இல்லை.

டின் டின்னாகத் திறந்து
குச்சியில் தொட்டுத் தூக்கிப் பிடித்தோம்.
சிவப்பு அவசரப்பட்டது.
வெள்ளை நூலாக இறங்கி நடுவில் அறுந்தது.
கப்பலின் அடிவயிற்றுக்குப் பூசும் தார்க்கறுப்பு மட்டும்
போக மனமில்லாத விருந்தாளி மாதிரி
நுனியில் நின்றது, நின்றது,
அப்புறம்தான் கிளம்பியது.
"இதில் இரண்டு டின். கடன்."

குளியல்கூடத்து மொட்டைமாடியில்
லாரிப் படுதாவை விரித்து
ஏணி மேல் நின்று சாய்ப்பாள்.
புகைபோக்கி தன் பங்குக்குக் கரி தூவும்.
அதைத் தட்டிவிட மாட்டாள்.
ஒசாகாவிலிருந்து வந்த பத்திரிகைக்காரர்
அரை மணி நேரம் சுற்றிச் சுற்றி வந்துவிட்டு
"இதற்கு மேல்பக்கம் எது?" என்றார்.
வானத்தைக் காட்டினாள்.

அந்நேரம் பார்த்து இதாமியில் கிளம்பிய விமானம்
தலையை உரசுவது போலப் போயிற்று.
போர் முடிந்து பத்து வருஷம்.
தெருவில் எல்லோரும் தோளைக் குறுக்கினோம்.
ஏணியில் இருந்தவள் மட்டும்
டின்னை நிமிர்த்தவில்லை.

பாக்கி கேட்கப் போன அன்றுதான் சொன்னாள்.
வெள்ளைச் சுவர் குண்டுக்கு வழி காட்டும் என்று
உத்தரவு வந்த வருஷம்;
ஊர்க் கிடங்குகளைக் கறுப்பாக்க
வண்டி வண்டியாக விற்றவன் நான்.
பூசியது பள்ளிக்கூடத்துப் பெண்கள்.
"வரிசையில் மூன்றாவது ஆள் நான்.
உங்கள் கடை டின்தான்.
கைப்பிடிக் கம்பி உள்ளங்கையை அறுக்கும்."

கறுப்பாக்கியும் கிடங்குகள் எரிந்தன.
அதை அவளும் சொல்லவில்லை, நானும் சொல்லவில்லை.

ஏணியில் ஏறிப் பார்த்தேன்.
படமா என்று கேட்டால் தெரியாது.
ஓர் ஓரத்தில் புறாவின் கால்தடம்,
நடுவில், தோல் கட்டிய கறுப்புக்கு அடியில்
இன்னும் ஏதோ மெல்ல நகர்ந்துகொண்டிருந்தது.
"காய எத்தனை நாள்?"
"நாளா?" என்று சிரித்தாள்.

இரண்டு டின், தார்க்கறுப்பு, தொமொனாகா.
நோட்டில் அந்த வரியை நான் அடிக்கவில்லை.
அடித்தால் அதன்மேல் ஒரு கறுப்புக் கோடு விழும்.
எவ்வளவு மெதுவாக விழ வேண்டுமென்று
எனக்குத் தெரியாது.