எண்ணெய் இளகிய காலை

நேற்றுவரை
பாட்டிலைக் கவிழ்த்து அடியில் நாலு தட்டுத் தட்டினால்தான்
வெள்ளையாய் ஒரு கட்டி
வரலாமா என்று கழுத்துவரை வந்து பார்க்கும்.
இன்றைக்கும் அதே தட்டு.
கால் பாட்டில் தேங்காயெண்ணெய்
உள்ளங்கை நிரம்பி, முழங்கை இறங்கி,
இஸ்திரி போட்ட பூனம் சேலையில்
பாமணி ஆற்றை வரைந்துவிட்டுப் போனது,
கிளை வாய்க்காலோடு.

மாசி பதினாறு.
குளிர் கிளம்பிவிட்டதை
எனக்கு வேறு யாரும் சொல்லவில்லை.

சேலை மாற்ற நேரமில்லை.
மன்னார்குடி தாண்டி ஒன்பது கிலோமீட்டர்,
கொள்முதல் நிலையத்தில் பில் போடுகிற வேலை.
எட்டரைக்குள் போகாவிட்டால்
மூட்டைகளுக்கு முன்னால் ஆட்கள் அடுக்கப்பட்டிருப்பார்கள்.
ரோட்டில் பாதி வைக்கோல்.
ஸ்கூட்டிச் சக்கரத்தில் சுற்றியதை
உருவி உருவி எடுத்தேன், தலையில் சிக்கெடுக்கிற மாதிரி.
அறுத்த தாளுக்கு இடையில்
உளுந்து இரண்டிரண்டு இலை விட்டிருந்தது.
தண்ணீர் கட்டவில்லை, யாரும் ஏனென்று கேட்கவில்லை,
பனியைக் குடித்தே வளர்கிற பிள்ளை.

போன புதன்கிழமை இதே ரோட்டில்
நீட்டிய கை தெரியாத மூடுபனி.
முன்னால் ஒரு டிராக்டரின் சிவப்பு விளக்கு.
அதையே பிடித்துக்கொண்டு போனேன்,
அது திரும்பினால் நானும் திரும்பி.
அது நின்றதும் நானும் நின்றேன்.
பார்த்தால் ஒரு மாட்டுக்கொட்டகை.
டிராக்டர்காரர் தன் வீட்டுக்கு வந்திருக்கிறார்,
நானும் வந்திருக்கிறேன்.
பால் செம்போடு வெளியே வந்த அவர் மனைவி
என்னைப் பார்த்தாள், அவரைப் பார்த்தாள்,
மறுபடி என்னைப் பார்த்தாள்.
நான் ஹெல்மெட்டைக் கழற்றிக் கதையைச் சொல்லி முடிப்பதற்குள்
சிரித்துச் சிரித்து அவளுக்குப் புரையேறிவிட்டது.
அப்போதே கறந்த பாலில் காப்பி.
டம்ளரை இரண்டு கையாலும் பொத்திக்கொண்டேன்.
அன்றைக்கு முக்கால் மணி லேட்.
அவள் பெயர் அஞ்சம்மாள் என்பதெல்லாம்
வழி தப்பினால்தான் தெரியும்.

நிலையத்தில் கலியபெருமாளின் நெல்
பதினேழு புள்ளி நாலு.
பதினேழுக்கு மேலே ஒரு புள்ளியும் ஆகாது.
“வெயில் வரட்டும் மேடம், நெல்லு எங்க ஓடிடப் போவுது.”
தார்ப்பாயை விலக்கினார்.
மேலே சில்லென்றிருந்த குவியலுக்குள்
கையை விட்டேன், முழங்கைவரை.
உள்ளே இளஞ்சூடு,
தூங்குகிற குழந்தையின் அக்குள் போல.
வெளியே எடுத்தபோது எண்ணெய்க் கை முழுக்கப் பதர்.
பத்தரைக்குத்தான் வெயில் வந்தது.
மாதிரிக்கு எடுத்துவைத்த கிண்ணத்தில்
அதற்குள் வாய் வைத்திருந்தது ஓர் ஆடு.
“ஆட்டுக்கு ஈரப்பதம் பாருங்க” என்றான்
மூட்டை தூக்கும் மாரிக்கண்ணு.
மறுபடி அள்ளி, மறுபடி அளந்து,
பதினாறு புள்ளி ஒன்பது.
கலியபெருமாள் எல்லோருக்கும் டீ சொன்னார்.
ஆட்டுக்கு ஒரு பொறை.

சாயங்காலம் வந்ததும் முதல் வேலையாக
ஸ்வெட்டர் இரண்டு, கம்பளி மூன்று,
சம்பந்தத்தின் குரங்குக் குல்லா
அத்தனையையும் ஊறப்போட்டுத் துவைத்தேன்.
இனி அடுத்த மார்கழிக்குத்தான் என்று
உதறிக் கொடியில் போட்டேன்.
“மாசிப் பனி மச்சைத் துளைக்கும்” என்றான் சம்பந்தம்,
சொல்லிக்கொண்டே ஃபேனை மூன்றில் வைத்துவிட்டு.
நம்முடையது மச்சு இல்லையே, ஓட்டு வீடுதானே என்றேன்.

மணி மூன்று இருக்கும்.
துளைத்தது.
கம்பளி எல்லாம் கொடியில் சொட்டிக்கொண்டிருக்க
இருப்பது ஒரே ஒரு போர்வை.
கழுத்துக்கு இழுத்தால் கால் வெளியே.
ஃபேன் மூன்றிலேயே சுற்றுகிறது.
சுவிட்ச் அவன் பக்கச் சுவரில்.
அவன் குறட்டை விடுகிறான்,
வழக்கத்தைவிடக் கொஞ்சம் சத்தமாகவே.
நானும் விடத் தொடங்கினேன்.