எட்டில் ஒன்று

கோத்தகிரிக்குக் கீழே மூன்றாம் டிவிஷன்.
மேல் லயம் முந்தின கப்பல்,
கீழ் லயம் பிந்தின கப்பல்.
மண்டபம் முகாமில் வந்து இறங்கியதில்
இடைவெளி ஒன்பது நாள்.
அந்த ஒன்பது நாளுக்குத்தான்
இரண்டு மாரியம்மன், இரண்டு வாலிபால் நெட்,
போன சித்திரையில்
யோகராசா அறுத்துப் போட்ட தண்ணீர்க் குழாய்.

ஐப்பசியில் ஒரு ராத்திரி, மூன்றரை மணிக்கு,
மலை புரண்டு படுத்தது
இரண்டு லயத்தின் மேலும்.

ஜேசிபி ஒன்றுதான். ஓட்டுகிறவன் நான்.
சாவியைத் திருகும்போது
உயிரியலில் பெயிலான வருடத்திலிருந்து
மறக்காத ஒரே கணக்கு நினைவுக்கு வந்தது:
கூடப் பிறந்தவளிடம் நான் பாதி,
அவள் பிள்ளையிடம் கால்,
சித்தப்பா மகனிடம் எட்டில் ஒன்று.
தேனீ இந்தக் கணக்குக்குத்தான்
கொட்டிவிட்டுச் சாகிறதாம்.

கீழே யாரோ தகரத்தைத் தட்டிக்கொண்டிருந்தார்கள்.
மேலே ஒரு சத்தமும் இல்லை.
மேலே என் தங்கை தவமணி வீடு.

வண்டியை மேலே திருப்பினேன்.

ஏன் என்று இதுவரை யாரும் கேட்கவில்லை.
கேட்டிருந்தால் பதில் வைத்திருந்தேன்.

சில்வர் ஓக் வேர், மெத்தை, இட்லிச் சட்டி,
மறுபடி மண்.
நாற்பது நிமிடம் தோண்டியிருப்பேன்.
பனிக்குள்ளிருந்து அவள் குரல், கீழேயிருந்து:
"எருமை! அங்க என்னடா நோண்டுற?
இங்க உசுரு இருக்கு!"

மகனை இடுப்பில் கட்டிக்கொண்டு
கவ்வாத்துக் கத்தியால் மண்ணைக் கொத்திக்கொண்டிருந்தாள்.
அவள் இழுத்து வெளியே போட்டது யோகராசாவை.
தெரிந்துதான் செய்தாயா என்றதற்கு,
"யாரு கண்டா, தட்டுனாங்க" என்றாள்.

இரண்டு கப்பலிலுமாக
ஐந்து பேரைப் பிறகு எடுத்தோம்.

பள்ளிக்கூடத்து ஹாலில் பதினோரு நாள்
யார் போர்வை யார் மேல் என்று தெரியாத தூக்கம்.
எனக்குக்கூடத் தோன்றியது,
சரி, முடிந்தது என்று.

பன்னிரண்டாம் நாள் தாலுகா ஆபீஸ் ஆட்கள்
வரிசையில் வந்தபடிக்கு
ஆளுக்கொரு டோக்கன் கொடுத்தார்கள்:
ஒன்று மஞ்சள், அடுத்தது வெள்ளை,
மறுபடி மஞ்சள்.
கட்டு தீரும்வரை அப்படித்தான்.

சாயங்காலத்துக்குள்
வெள்ளைக்கு இரண்டு கிலோ கூட என்று பேச்சு.
தவமணி புடவையை இழுத்துச் செருகிக்கொண்டு
எங்கள் சித்தப்பா மகனைக் கேட்டாள்,
"வெள்ளைக்கு மட்டும் என்ன வயிறு பெருசா?"
அந்த எட்டில் ஒன்றும்
ஏதோ திருப்பிச் சொன்னான், எழுதக் கூடாது.
அவளுக்குப் பின்னால்
கையில் கட்டோடு, மஞ்சளாக,
நின்றுகொண்டிருந்தான் யோகராசா.

இதற்கு என்னிடம் கணக்கு இல்லை.
ரத்தம் என்றால் குறுக்கே ஓடியிருக்க வேண்டும்.
கூட்டம் பிழைக்கத்தான் என்றால்
இது எந்தக் கூட்டம்,
காலையில் அச்சடித்ததா?

மைதானத்தில் நெட் ஒன்றுதான்,
மற்றது மண்ணுக்குள்.
அந்தப் பக்கம் வெள்ளைப் பிள்ளைகள்,
இந்தப் பக்கம் மஞ்சள்.
தவமணி மகன் மூச்சிரைக்க ஓடி வந்தான்:
"மாமா, நீ எந்தக் கலரு?"

நான் பஸ் ஸ்டாண்டு பக்கம் வாடகை வீட்டுக்காரன்.
எனக்கு டோக்கன் கிடையாது.

தெரிந்தும்
சட்டைப் பைக்குள் கை போனது.