ஏர்போர்ட் எடை

தம்பி தனிஸ்லாஸுக்குத் தோஹாவில் ஏ.சி. மெக்கானிக் வேலை.
முப்பது கிலோ பெட்டியில், ஏழு கிலோ கையில்.
அதற்கு மேல் கிலோவுக்கு ஐந்நூறு ரூபாய் என்று
டிக்கெட்டின் அடியில்
எறும்பு எழுத்தில் போட்டிருந்தது.

முதலில் பெட்டியையே தள்ளுபடி செய்தோம்,
வெறும் பெட்டி நாலே முக்கால் கிலோ.
பதிலுக்கு பிஸ்கட் அட்டைப்பெட்டி,
காசிமேட்டு நைலான் கயிறு, அப்பா போட்ட முடிச்சு.
சோப்புக்கு உறை கழற்றினோம்.
புளிக்குக் கொட்டை எடுத்தோம்.
ஊறுகாயில் மேலே நின்ற எண்ணெயை வடித்து
மூன்று நாள் தோசைக்குத் தொட்டுக்கொண்டோம்.
வஞ்சிரக் கருவாட்டுக்குத் தலை போனது, வால் போனது,
கடைசியில் அம்மா அதை இடித்துப் பொடியாக்கி
"இப்போ கனமே இல்ல பாரு" என்றாள்.
இடித்தால் எடை குறையும் என்று
அன்றைக்கு நாங்கள் எல்லோருமே நம்பினோம்.

பூட்ஸ் காலில்.
சட்டைமேல் சட்டை, அதன்மேல் ஜெர்கின்.
மே மாதம்.

நிறுத்துப் பார்க்க கல்மண்டபத்தில்
வேலாயுதம் அண்ணனின் பழைய பேப்பர் கடை.
"நம்ம புள்ள, காசெல்லாம் வேணாம்."
சிவப்பு எண்கள் துடித்து நின்றன: 29.9.
அண்ணனே கைதட்டினார்.
மீதி நூறு கிராமை வீணாக்க மனசில்லாமல்
அம்மா ஒரு தைல பாட்டிலைச் செருகினாள்.

மீனம்பாக்கத்தில் அதே பெட்டி 33.2.
நாலு கிலோ எக்ஸ்ட்ரா, இரண்டாயிரம் என்றார்களாம்.
பாயிண்ட் இரண்டும் அங்கே ஒரு முழு கிலோ.
பின்னால் நின்றவர் நூற்றுப்பத்தாவது இருப்பாராம்.
என் தம்பி ஐம்பத்தொன்று.
இருவரையும் யாரும் தட்டில் ஏறச் சொல்லவில்லை.

இதெல்லாம் அவன் போனில் சொன்னது.
நான் கண்ணாடிக் கதவுக்கு வெளியே நின்றேன்.
அப்பாவின் முடிச்சைப் பல்லால் அவிழ்த்தானாம்.
ஸ்பானர்களை விடவில்லை.
போர்வை, முறுக்கு, கருவாட்டுப் பொடி
ஒரு பையாகி, துப்பாக்கிக்காரர் கை வழியாக
என்னிடம் திரும்பி வந்தன.

மெட்ரோவில் பையை மடியில் வைத்துக்கொண்டேன்.
வண்ணாரப்பேட்டை வரை
பக்கத்து சீட்டில் யாருமே உட்காரவில்லை.
கணக்குப் போட வசதியாக இருந்தது.
முப்பத்து மூன்றை முப்பது என்று சொல்லும் தட்டு.
பத்துக்கு ஒன்று.
ஆடிட்டர் ஆபீஸ் கழிக்கிற காகிதம் மாதம் பன்னிரண்டு கிலோ,
பதினோரு வருஷமாக நான்தான் சுமந்து போய்ப் போடுகிறேன்.
கிலோ பன்னிரண்டு ரூபாய் மேனிக்கு
ஹைகோர்ட் தாண்டும்போது தொகை வந்தது:
ஆயிரத்துத் தொள்ளாயிரம்.
விமானக்காரன் கேட்டதற்கு நூறுதான் குறைச்சல்.
சிரித்துவிட்டேன், தனியாக.

ஞாயிறு பூசை முடிந்து பேப்பர் கட்டோடு போனேன்.
"ஏர்போர்ட் எடைக்குப் போடுங்கண்ணே."
முதலில் புரியவில்லை அவருக்கு.
அப்புறம் புரிந்தது.
"கடக்காத்தும்மா. மெஷின்ல உப்பு பூந்துக்குது.
கரண்ட்டு வேற ஏறி எறங்குது."
"உப்பு ஒங்க பக்கமா மட்டும்தான் பூக்குமாண்ணே?"
தட்டு பத்து எண்ணூறு என்றது.
பன்னிரண்டுக்குக் காசு தந்தார்.
நோட்டை எண்ணவில்லை, என்னைப் பார்க்கவுமில்லை.

எனக்குப் பின்னால் ஒரு பெண்
ஊதாப் பெட்டியோடு நின்றிருந்தாள். மஸ்கட்டாம். நர்ஸ்.
28.4 என்றதும் முகமெல்லாம் பல்.
"பத்துக்கு ஒண்ணு கூட்டிக்க பாப்பா" என்றேன்,
கொஞ்சம் சத்தமாகவே.
வேலாயுதம் அண்ணன் சணல் சிக்கலை
ரொம்ப நேரமாகப் பிரித்துக்கொண்டிருந்தார்.

அவள் அங்கேயே குந்தி ஜிப்பைத் திறந்தாள்.
மேலாக இருந்தது புளி.
கொட்டையோடு.
நான் பையைக் கீழே வைத்துவிட்டு
அவளுக்கு எதிரே உட்கார்ந்தேன்.