பங்காளி

செயலியில் சேர்ந்த அன்று வந்த முதல் செய்தி
எங்களை ‘ராக்கான்’ என்று அழைத்தது.
தமிழில் இதை என்ன சொல்வது என்று
தேவேந்திரனைக் கேட்டேன்.
தலைக்கவசத்தைக் கழற்றாமலே சொன்னான்:
‘பங்காளி.’

அன்றிலிருந்து எங்களுக்குள் அது ஒரு கேலி.
பங்காளி இன்னிக்கு எவ்வளவு குறைச்சான்?
பங்காளி மழைக்காசு போட்டானா?

போன மாதம் ஒரு வியாழன் இரவு
ஜெலுத்தோங் கடலோரச் சாலையில்
ஏதோ ஒரு லோரி ஒழுகவிட்ட எண்ணெயும் மழையும்
ஒன்றாய்ப் படுத்திருந்த இடத்தில்
விழுந்தான்.
இடுப்பெலும்பு, மூன்று இடத்தில்.
பைக்குள் இருந்த கோழிச் சூப்பு மட்டும்
ஒரு சொட்டுச் சிந்தவில்லையாம்.
பார்க்கப் போகிற எல்லாரிடமும்
அதைத்தான் சொல்கிறான்.

தாரில் கிடந்தபோது கைப்பேசி இரண்டு முறை அதிர்ந்திருக்கிறது.
‘பாங், எங்க இருக்கீங்க?’
‘தாமதம். உங்கள் புள்ளி குறைக்கப்பட்டது.’
காலையில் மூன்றாவது:
விரைவில் நலம்பெற வாழ்த்து,
பக்கத்தில் ஒரு மஞ்சள் பூ,
அதற்குக் கீழே
கணக்கு நிறுத்திவைக்கப்பட்டது.

எங்கள் பக்கம் பங்காளி என்றால்
பந்தியில் கோபித்துக்கொண்டு பாதியில் எழுந்து போகிறவன்.
பத்து வருஷம் முகம் பார்க்காதவன்.
ஆனால் ஒரு சாவு என்றால்
கூப்பிடாமலே வந்து வாசலில் நிற்பான்.
பதினாறு நாள் அவனுக்கும் தீட்டு,
அவன் வீட்டு அடுப்பிலும் கறி வேகாது.
தீட்டில் பங்கில்லாதவனை
எந்த உறவில் சேர்ப்பது?

டத்தோ கெராமாட் முனைக் கடையில்
ஒரு தலைக்கவசத்தைக் கவிழ்த்துப் பிடித்தோம்.
ஹஃபிசுல் ஐம்பது போட்டான்.
அபராதம் கட்டிவிட்டு வந்திருந்த ஆ செங்
சட்டைப்பை இரண்டையும் வெளியே இழுத்துக் காட்டிவிட்டு
சில்லறையைப் போட்டான்.
முந்நூற்று எழுபத்திரண்டு வெள்ளி, கொஞ்சம் சென்.
லலிதாம்பிகை இரண்டு முறை எண்ணினாள்.
அடுத்த மாதத்துக்கு என்று அவள் கேட்கவில்லை.
மோட்டார் தவணைப் புத்தகம்
மேசைமேல் திறந்தே கிடந்தது.

அவனை நான் அப்போதே சொக்சோவில் சேரச் சொன்னேன்,
சொந்தமாய் ஓடுகிறவனுக்கும் உண்டு என்றேன் என்று
கடையில் எல்லாரிடமும் சொன்னேன்.
பொய்.
ஏப்ரலில் வாங்கிய பாரத்தை
நாலாய் மடித்து என் இருக்கைக்கு அடியில் போட்டவன் நான்.
அந்த மாதம் பிரேக் மாற்ற வேண்டியிருந்தது.

திங்கட்கிழமை அதையே எடுத்துக்கொண்டு போனேன்.
மடிப்பில் கிழிந்து, பெட்ரோல் வாசனையோடு.
முகப்பில் ஒரு பெண், சட்டையில் நோர்ஹயாத்தி என்றிருந்தது.
முதலாளி பெயர்?
இல்லை.
வேலை இடம்?
கண்ணாடிக்கு வெளியே சாலையைக் காட்டினேன்.
வேலை நேரம்?
மற்றவர்களுக்குப் பசிக்கிற நேரம்.
சிரிக்காமல் எழுதிக்கொண்டாள்.
வாரிசு என்ற கட்டத்தில்
மகள் பெயரை எழுதும்போது
கை கொஞ்சம் நின்றது.

பின்னால் நின்ற அக்கா தோளைத் தொட்டார்.
விரல் நுனியெல்லாம் நார் அறுத்த கோடு.
‘தம்பி, பூ கட்டுறவங்களையும் சேர்ப்பாங்களா?
நாற்காலியிலதான் உட்கார்ந்திருக்கேன்,
விழுறதுக்கு ஒண்ணுமில்ல.
ஆனா கண்ணு போயிட்டு வருது.
கொஞ்சம் கேட்டுச் சொல்லுங்க.’
கேட்டேன். நோர்ஹயாத்தி
அவருக்கும் ஒரு பாரம் நீட்டினாள்.
கண்ணைப் பற்றி
உள்ளே போய் விசாரித்து வருகிறேன் என்றாள்.

ரசீதைப் பாரம் இருந்த அதே இடத்தில் வைத்தேன்.
அதில் போட்டிருந்த தேதியை மறுபடி பார்த்தேன்.
அந்த வியாழனுக்குப் பதினெட்டு நாள் பிந்தியது.
தேவேந்திரனிடம் இதை
எந்த முகத்தோடு காட்டுவேன்?

கைப்பேசி அதிர்ந்தது.
ராக்கான், அருகில் ஓர் ஆர்டர்.
கோழிச் சூப்பு, இரண்டு.
ஜெலுத்தோங் வழியாகத்தான் போகவேண்டும்.